வாசிகசாலைச் சுவருக்குப் பழைய படங்களில் கொலாஜ்: அசலை வெட்டலாமா?

கனகராயன் (வட்டக்கச்சி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் புதுக் கட்டடம் கிடைத்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவர் வெறுமையாக இருக்கிறது. ஊரவர்களிடம் உள்ள பழைய படங்களையும் கடுதாசித் துண்டுகளையும் சேர்த்து அதற்கு ஒரு பெரிய கொலாஜ் செய்வது என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவாகி, பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். பலகை 4 அடிக்கு 3 அடி.

வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததில் படம் குறைவாகவும் கடுதாசி கூடுதலாகவும் வந்திருக்கிறது. சாமத்திய வீட்டுப் படங்கள், கலியாணக் குழுப்படங்கள், அடையாள அட்டைக்கென்று எடுத்த சின்னப் படங்கள் கொஞ்சம். மற்றபடி கோயில் திருவிழா நோட்டீஸ், கலியாணக் காட், செத்தவரின் நினைவாக 31ஆம் நாளுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகங்கள், கூப்பன் கொப்பி, செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தந்த நிவாரண அட்டை, பிள்ளைகளின் கிளினிக் கொப்பி, வெளிநாட்டிலிருந்து வந்த நீல விமானக் கடிதங்கள், இ.போ.ச. பஸ் ரிக்கெற், யாழ்தேவி ரயிலில் போன மட்டை ரிக்கெற். மில்க்வைற் சவர்க்கார உறைகூட ஒன்று வந்திருக்கிறது.

எந்தப் பசை நல்லது? அசல் படங்களை வெட்டி ஒட்டலாமா, கொப்பி எடுத்துத்தான் செய்ய வேண்டுமா? ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களைப் பிரிக்க வழி உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் தந்த பையில் யாரென்றே தெரியாத ஆட்களின் படங்கள் இருக்கின்றன. இடம்பெயர்ந்து போகும்போது பாதையில் கிடந்ததை எடுத்து வைத்ததாக அந்த அம்மா சொன்னார். அவற்றைச் சுவரில் போடலாமா?

பழைய_தாள் (வவுனியா)

நல்ல வேலை அண்ணா. என்னைக் கேட்டால் அசலைத்தான் ஒட்ட வேண்டும். 1912இல் ஓவியர்கள் பிராக்கும் பிக்காசோவும் இந்தக் கலையைத் தொடங்கியதே அப்படித்தான். மரத்தை வரைவதற்குப் பதிலாக, மரக்கோடு அச்சடித்த சுவர்த்தாளைக் கடையில் வாங்கி அப்படியே படத்தில் ஒட்டினார் பிராக். வரைந்ததற்கும் உண்மைப் பொருளுக்கும் நடுவில் நிற்பதுதான் கொலாஜின் பலம். ஜெர்மனியில் கேர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 முதல் தெருவில் பொறுக்கிய ரிக்கெற், உறை, கிழிந்த விளம்பரம் இவற்றைக் கொண்டே வாழ்நாள் முழுக்க வேலை செய்தார்.

நான் பழைய பேப்பர் கடையில் நிறைக்கு வாங்கிச் சேர்க்கிறவன். கூப்பன் கொப்பியின் தாளை விரலால் தடவிப் பாருங்கள். நாலாக மடித்த கோடு, கறள் பிடித்த குண்டூசியின் தடம், எண்ணெய் பட்டு ஊடுதெரிகிற மூலை. இதெல்லாம் போட்டோ கொப்பியில் தட்டையாகிவிடும். பார்க்கிறவருக்கு அது பொருளாக இருக்காது, பொருளின் படமாகத்தான் இருக்கும்.

நந்திக்கடல் (புதுக்குடியிருப்பு)

தம்பி பழைய_தாள், உங்கள் நியாயம் விளங்குகிறது. ஆனால் ஷ்விட்டர்ஸ் எடுத்த ரிக்கெற் போல அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் அடித்திருப்பார்கள். வட்டக்கச்சியில் ஒரு தாய் தந்த சாமத்திய வீட்டுப் படத்துக்கு இன்னொரு பிரதி கிடையாது.

கனகராயன் தம்பி, உங்களிடம் கடுதாசி கூடவும் படம் குறைவாகவும் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. போரின் முடிவில், 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் உங்கள் பக்கத்துச் சனம் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்து எங்கள் பக்கம் வந்து, பிறகு எல்லோருமாக மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கினோம். ஒவ்வொரு இடத்திலும் சுமை குறைந்தது. அலுமாரி முதலில் போனது, பிறகு தையல் மெசின், பிறகு சைக்கிள். கடைசிவரை கையில் இருந்தது ஒரு சின்னப் பை. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ். நாளைக்கு ஏதோ ஒரு கந்தோரில் கேட்பார்கள் என்று நினைத்தவற்றைத்தான் சனம் காப்பாற்றியது. அல்பத்தை எந்தக் கந்தோரும் கேட்காது, அது பாரமும் கூட. எத்தனையோ வீடுகளில் பங்கருக்குள்ளேயோ வளவுக்குள் தாட்ட உரப்பைக்குள்ளேயோ அது போய்விட்டது.

அப்படி இருக்க, ஒரு படம் தப்பி வந்திருக்கிறது என்றால் யாரோ ஒருவர் வேறொரு பொருளை விட்டுவிட்டு அதை எடுத்து வந்திருக்கிறார். அதில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். அசலை வாங்கி, கொப்பி எடுத்து, தந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். நிர்வாகத்தின் அலுமாரியில்கூட வைக்க வேண்டாம்.

இருட்டறை (வவுனியா)

இந்தத் தளத்தில் இளம் ஆட்கள் இதைப் பேசுவதைப் பார்க்கச் சந்தோசம். ஸ்ரூடியோ வேலையிலேயே என் ஆயுசில் பாதி போனது, அதனால் படத்தின் பக்கமாக நின்று சொல்கிறேன். நந்திக்கடல் பிள்ளை சொன்னதுதான் சரி. அசலில் பசை படக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: படத்தின் பின்பக்கம்.

படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்ரூடியோ முத்திரை இருக்கும். பென்சிலில் நெகட்டிவ் இலக்கம் இருக்கும், மறுபிரதி கேட்டு வந்தால் எங்களுக்கு அதுதான் திறப்பு. யாருக்கு அனுப்பியது, எந்த நாள் என்று வீட்டார் பேனையால் எழுதியிருப்பார்கள். ஒட்டினால் இவ்வளவும் பசைக்குள் போய்விடும். முன்பக்கம் முகத்தைத்தான் காட்டும், அந்த முகம் யாருடையது என்று பின்பக்கம்தான் சொல்லும். ஆகவே ஸ்கான் எடுக்கும்போது இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ போதும். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்க நினைத்தால் 1200 வையுங்கள். தேசிய அடையாள அட்டை 1972இல் வந்த பிறகு, ஊரில் எத்தனையோ கிழவன் கிழவிகளுக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுவாகத்தான் இருந்தது. செத்த வீட்டுக்கு அதைத்தான் கொண்டு வந்து பெரிதாக்கித் தரச் சொல்வார்கள்.

ஒட்டிப்போன படங்கள் பற்றி. கறுப்பு வெள்ளைப் படமும் லாப்பில் கழுவிய கலர்ப் படமும் ஜெலற்றின் பூசிய தாள்கள். ஈரத்தில் ஜெலற்றின் பசையாகிக் காய்ந்ததால்தான் ஒட்டிக்கொள்கிறது. இழுத்துப் பிரித்தால் ஒரு படத்தின் முகம் மற்றதன் முதுகோடு போய்விடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் கட்டோடு அமிழ்த்துங்கள். அரை மணித்தியாலமோ கூடவோ பிடிக்கலாம். மூலையில் தானாக இளகத் தொடங்கினால் தண்ணீருக்குள்ளேயே மெல்லப் பிரியுங்கள். ஈரமான முகத்தில் விரல் படக்கூடாது, நகம் பட்டாலே உரியும். வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்குப் பற்றறிக்கு விடுகிற வடித்த தண்ணீர் வாங்குங்கள். நுளம்புவலையை இறுக்கிக் கட்டி, அதன் மேல் முகம் மேலே பார்க்க நிழலில் காயவிடுங்கள்.

தண்ணீரில் போடவே கூடாதவையும் உண்டு. கையால் நிறம் தீட்டிய படம், கொம்பியூட்டர் மை அச்சு, பூஞ்சணம் ஏறி முகம் பிசுபிசுக்கிற படம். பின்னால் பேனை எழுத்து இருந்தால் அது கரைந்து ஓடிவிடும், எழுத்துத் தெரிகிற பக்கத்தைப் படம் பிடித்த பிறகுதான் தண்ணீரை நினைக்க வேண்டும். படச்சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே முயல வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் எடுங்கள்.

கனகராயன் (வட்டக்கச்சி)

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன பிறகு எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு கலியாணப் படம். முன்னால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஸ்ரூடியோத் திரைக்கு முன்னால் நிற்கிறார்கள், திரையில் தூணும் படிக்கட்டும் வரைந்திருக்கிறது. ஓரம் வளைவு வளைவாக வெட்டியது. பின்னால் நீல மையில் ஒரு கணக்கு: விதைநெல் 6 புசல், உழவு கூலி, வரம்பு கட்டிய இரண்டு பேருக்குச் சாப்பாட்டுக் காசு. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், பென்சிலில், ஒரு பிள்ளை அ, ஆ எழுதிப் பழகியிருக்கிறது. தந்த அம்மாவுக்கே அது தெரியாது. தன் தகப்பனின் எழுத்து என்று சொல்லி அதை நெடுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு முன்பக்கத்தைவிட அந்தப் பின்பக்கத்தைச் சுவரில் போட வேண்டும் போல இருக்கிறது. கொப்பி என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம்தானே?

ஓவிய_அறை (முள்ளியவளை)

அதைத்தான் சொல்ல வந்தேன். கொப்பி எடுப்பதை நட்டமாக நினைக்க வேண்டியதில்லை, கைக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. அசல் என்றால் அதன் அளவுக்குள்தான் நிற்க வேண்டும். கொப்பி என்றால் தபால் தலை அளவு அடையாள அட்டைப் படத்தை ஏ3 தாளில் எடுக்கலாம், இருபது பேர் நிற்கிற குழுப்படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கலாம். யாருடைய முகம் ஊரில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறபடி சொல்கிறேன். லேசர் பிரிண்ட் எடுங்கள். லேசரின் கரி சூட்டில் உருகித் தாளில் பிடிப்பது, பசையின் ஈரத்தில் கலங்காது. இன்க்ஜெட் மை பெரும்பாலும் கசியும். வழமையான 80 ஜிஎஸ்எம் தாள் பசை பட்டதும் சுருங்கி அலை அலையாக எழும்பும், 100 அல்லது 120 கேளுங்கள். மினுமினுப்புத் தாள் வேண்டாம், மண்டபத்து ரியூப் லைட்டில் முகமே தெரியாது.

பழைய_தாள் சொன்ன தாளின் உயிர் பற்றிய கவலை நியாயமானதுதான். அதற்கு வழி கிழிப்பதில் இருக்கிறது. எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் நறுக்கினால் கடை விளம்பரம் போலாகும். கையால் கிழியுங்கள். படம் மேலே பார்க்க, உங்களுக்கு வேண்டிய துண்டை இடது கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, வேண்டாத பக்கத்தை உங்களை நோக்கி மேலே இழுத்தால் வேண்டிய துண்டின் ஓரத்தில் வெள்ளை நார் விளிம்பு தெரியும். வேண்டாத பக்கத்தைக் கீழ்நோக்கித் தள்ளிக் கிழித்தால் அந்த வெள்ளை அடியில் மறைந்துவிடும். முகங்களுக்கு முதலாவது, கடுதாசிகளுக்கு இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் முகம் எழும்பித் தெரியும். தாளுக்கு நார் ஓட்டம் ஒரு பக்கமாக இருப்பதால் நீளவாக்கில் நேராகவும் குறுக்காகக் கோணலாகவும் கிழியும். முதலில் வேறு தாளில் கைபழகுங்கள்.

பசை: கொப்பிகளுக்கு வெள்ளைப் பெவிக்கோல் போதும், கொஞ்சம் தண்ணீர் கலந்து தூரிகையால் மெல்லிதாக. றப்பர் சொலூசன் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி விட்டுவிடும். செலோரேப் அதைவிட மோசம், பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டை போட்டுவிடும், அப்புறம் எதைக்கொண்டும் எடுக்க முடியாது. பலகையின் முன்பக்கம் ஒட்டிக் காயும்போது அது வில்லாக வளையும். அதனால் பின்பக்கத்திலும் அதே அளவு தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள், இரண்டு பக்க இழுவையும் சமமாகும்.

ஒட்டுவதற்கு முதல் தரையில் பரப்பி வைத்துக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். போகிற வருகிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும். போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்த்தால் எந்த இடம் கனக்கிறது, எந்த இடம் வெறுமை என்று உடனே தெரியும். எல்லா இடத்தையும் நிரப்ப நினைக்காதீர்கள்.

பழைய_தாள் (வவுனியா)

ரீச்சர், கிழிக்கிற முறை அருமை. நந்திக்கடல் அக்கா சொன்னதை யோசித்தேன். முகம் உள்ள எதையும் அசலாக ஒட்டக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் பல பிரதி அடித்த அச்சுக் கடுதாசியில் என் நிலை மாறவில்லை. ஒரே திருவிழா நோட்டீஸ் ஐந்து வீட்டில் இருந்தால் ஒன்றை ஒட்டுவதில் தவறில்லை. சவர்க்கார உறையும் அப்படித்தான்.

ஷ்விட்டர்ஸ் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அவரும் இடம்பெயர்ந்தவர்தான். ஹிட்லரின் நாசிகளுக்குத் தப்பி 1937இல் நோர்வேக்கும், அங்கிருந்து 1940இல் இங்கிலாந்துக்கும் ஓடினார். ஹனோவரில் வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்காகக் கட்டி வளர்த்த அவருடைய பெரிய படைப்பு 1943 குண்டுவீச்சில் அழிந்தது. இங்கிலாந்தில் கையில் கிடைத்த இனிப்பு உறையையும் பஸ் ரிக்கெற்றையும் கொண்டு மறுபடி தொடங்கினார், 1948இல் சாகும்வரை விடவில்லை. வட்டக்கச்சி வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நந்திக்கடல் (புதுக்குடியிருப்பு)

தம்பி, அது எனக்குத் தெரியாத விசயம். சொன்னதற்கு நன்றி. நோட்டீஸ் பற்றியும் உடன்படுகிறேன், ஆனால் ஒட்டுவதற்கு முதல் ஒரு பிரதியை ஸ்கான் எடுத்து ‘நூலகம்’ என்கிற இணைய நூலகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் 2005 முதல் எங்கள் பக்கத்து அச்சுத் தாள்களை எண்ணிமத்தில் சேர்த்து வருகிறார்கள். கல்வெட்டுப் புத்தகங்களையும் அனுப்பலாம். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர் சில கல்வெட்டில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

யாரென்று தெரியாத படங்களைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. என் எண்ணம், அவற்றைக் கொலாஜில் போட வேண்டாம். அவர்களும் யாரோ ஒருவரின் தாய், தகப்பன், பிள்ளை. அந்தப் படத்தைத் தேடிக்கொண்டு இன்றைக்கும் ஆள் இருக்கலாம். அலங்காரத் துண்டாக அதைக் கிழித்துப் போட எங்களுக்கு உரிமை இல்லை. வாசிகசாலையில் பக்கத்தில் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி வையுங்கள். பாதையில் எடுத்தவை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று எழுதுங்கள். எந்த இடத்தில் எடுத்தது என்று அந்த அம்மாவிடம் இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள், அவருக்கு வயது போகிறது.

கனகராயன் (வட்டக்கச்சி)

கண்ணாடிப் பெட்டி யோசனையை நிர்வாகம் ஒத்துக்கொண்டது அக்கா. அந்த அம்மா சொன்ன இடங்களையும் எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு விசயம், இரண்டும் கஷ்டமானவை. ஒன்று, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஒரு தாய் தந்திருக்கிறார். சுவரில் கட்டாயம் போட வேண்டும் என்கிறார். மற்றது, பள்ளிக்கூடக் குழுப்படம். மூன்று வரிசையாகப் பிள்ளைகள், நடுவில் ஆசிரியர்கள். பின்வரிசையில் வலது பக்கம் ஒரு சதுரம் பிளேட்டால் வெட்டி எடுத்திருக்கிறது. வெட்டிய ஓரம் நேராக, மிகக் கவனமாக, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் தோளில் கொஞ்சமும் படாமல். யார் வெட்டியது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஸ்கான் எடுத்தால் அந்த ஓட்டையில் ஸ்கானர் மூடியின் வெள்ளை தெரிகிறது. கொம்பியூட்டரில் பின்னால் உள்ள மதிலை இழுத்து நிரப்பிவிடலாம், தெரியவே தெரியாது. நிரப்பட்டுமா?

நந்திக்கடல் (புதுக்குடியிருப்பு)

நிரப்பாதீர்கள்.

அந்தக் காலத்தில் படம் வைத்திருப்பதே பயமாக இருந்தது. எரித்தவர்கள் உண்டு, தாட்டவர்கள் உண்டு. அந்த வீட்டார் எரிக்காமல் ஒரு சதுரத்தை மட்டும் எடுத்து மிச்சத்தை வைத்திருக்கிறார்கள். மதிலைக் கொண்டு மூடினால் அங்கே யாரும் நிற்கவே இல்லை என்றாகிவிடும். வெட்டியபடியே போடுங்கள், ஆனால் வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். சீருடையில் நிற்கிற படங்கள் வந்தாலும் அப்படியே, வீட்டார் சொல்வதுதான் முடிவு.

மற்றப் படம். நானும் கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் போய் இருந்தவள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் அது. அங்கே ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம், லமினேற் செய்தது. வெயிலில் நிறம் போனால் புதிதாக எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தப் படத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை, பொட்டு வைப்பதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது உங்கள் பலகையில் அந்தப் பிள்ளையின் படத்தைக் கல்வெட்டுப் புத்தகத்து முகங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினால் என்ன அர்த்தம் வரும்? தாய் வாசலில் வந்து நின்று பார்க்கிறபோது, ஊரே சேர்ந்து தன் பிள்ளையைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டது போல இருக்கும். கொலாஜில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு. அவனுடைய படத்தைப் பள்ளிக்கூடக் கொப்பி, பஸ் ரிக்கெற், விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ் இவற்றின் பக்கம் வையுங்கள். எங்கே வைக்க வேண்டும் என்று தாயையே தரையில் பரப்பியிருக்கும்போது கூப்பிட்டுக் கேளுங்கள். கிழித்த ஓரம் வேண்டாம், முழுதாக வையுங்கள். அதன் மேல் வேறெந்தத் துண்டும் ஏறக்கூடாது.

ஓவிய_அறை (முள்ளியவளை)

அக்கா சொன்னது எனக்கும் பாடம். இத்தனை காலமாக நிறத்தையும் கனத்தையும் பார்த்துத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கனகராயன், ஒன்றுமே இல்லாத வீடுகளை விட்டுவிடாதீர்கள். ஒரு படம்கூடத் தப்பாத வீடு உங்கள் ஊரிலும் இருக்கும். ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்த ஆட்களிடம் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொல்லி, அவற்றை 2011இல் புத்தகமாக்கினார். அதே போலக் கொப்பித் தாளும் பென்சிலும் கொடுங்கள். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எங்கே என்று கீறித் தருவார்கள். ஒரு கலியாணப் படத்துக்குக் கொடுக்கிற இடத்தை அந்தத் தாளுக்கும் கொடுங்கள்.

ரொறன்ரோ_முள்ளியவளை

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். வன்னியில் அழிந்த படங்களில் கொஞ்சம் இங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே! எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் ஊரிலிருந்து கலியாணப் படம், சாமத்திய வீட்டுப் படம், பிள்ளையின் ஏடு தொடக்கும் படம் எல்லாம் கடிதத்துக்குள் மடித்து வந்தது. 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு போய் வந்தவர்களும் கமராவில் எடுத்து வந்தார்கள், 2006இல் பாதை பூட்டும்வரை. எங்கள் வீட்டு அல்பத்தில் மட்டும் முள்ளியவளையில் இப்போது யாரிடமும் இல்லாத முகங்கள் கிடக்கின்றன. வட்டக்கச்சி ஆட்கள் இங்கேயும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். கேளுங்கள், அனுப்புவார்கள்.

ஒரு சந்தேகம்: எங்களிடம் உள்ள கலர்ப் படங்கள் எல்லாம் சிவந்து போய்விட்டன. அல்பத்தை மூடியே வைத்திருந்தோம், வெயில் படவில்லை. ஏன் அப்படி?

இருட்டறை (வவுனியா)

தம்பி, அந்தக் காலத்துக் கலர்த் தாளில் மூன்று சாயம் சேர்ந்துதான் நிறம். இருட்டில் வைத்தாலும் அந்த மூன்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும், மிச்சம் சிவப்பாகத் தெரியும். வெளிச்சத்தில் தொங்கவிட்ட படம் வேறு மாதிரி வெளிறும். ஸ்கான் எடுத்த பிறகு நிறத்தைப் பெரும்பாலும் மீட்கலாம், ஆனால் இன்னும் பத்து வருடம் போனால் மீட்கவும் ஒன்றும் இருக்காது. இப்போதே எடுங்கள். பிளாஸ்டிக் தாள் மூடி ஒட்டுகிற அல்பம் என்றால் அதன் பசையும் படத்தைத் தின்கிறது, வெளியே எடுத்துக் கடுதாசி உறையில் போடுங்கள். இழுத்தால் வராது. பல்லுக் குத்துகிற மெல்லிய நைலோன் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு அறுத்து எடுக்கலாம்.

அனுப்புகிறவர்களுக்குச் சொல்லுங்கள்: வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், டொக்கியுமென்ற் ஆக அனுப்ப வேண்டும். ஸ்கானர் இல்லாதவர்கள் ஜன்னலோரம் நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனை நேர் மேலே பிடித்து எடுக்கலாம். பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

மாட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாரியில் வாடைக்காற்றும் மழையும் அடிக்கிற வெளிச்சுவரில் வேண்டாம், உள்சுவர் நல்லது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக நாலு மூலையிலும் றப்பர் கட்டை வையுங்கள். பலகை சுவரோடு ஒட்டிக்கிடந்தால் கறையான் பின்னால் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போட்டால் தாளில் தொடாமல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பழைய கதைதான், ஒட்டிவிடும்.

கனகராயன் (வட்டக்கச்சி)

எல்லோருக்கும் நன்றி. தாய்மாரைக் கூப்பிட்டுத் தரையில் பரப்பிப் பார்த்தோம். குழுப்படத்து வீட்டார் வெட்டினபடியே போடச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் தன் பிள்ளையின் படத்தை எடுத்து, விதைநெல் கணக்கு எழுதின பின்பக்கத்துக்குப் பக்கத்தில் தானே வைத்தார். அது ஏன் அந்த இடம் என்று கேட்டேன். தன் பிள்ளையும் அந்த வயலில்தான் வரம்பு கட்டப் போனவன் என்றார்.

ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போட்டு, யார் தந்தது, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். அது பலகைக்குக் கீழே மேசையில் இருக்கும், யாரும் சேர்த்து எழுதலாம்.

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கலியாணப் படத்தின் முத்திரை பாதி அழிந்திருக்கிறது. வவுனியா என்பது தெரிகிறது, பென்சிலில் நெகட்டிவ் இலக்கமும் தெரிகிறது. தூணும் படிக்கட்டும் உள்ள திரை எந்த ஸ்ரூடியோவில் இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

இருட்டறை (வவுனியா)

இருக்கிறது. அந்தத் திரையைப் பார்த்ததுமே தெரியும், படிக்கட்டின் மூன்றாவது படியில் நிறம் உரிந்திருக்கும். ஸ்ரூடியோ எப்போதோ மூடிவிட்டார்கள், ஆனால் நெகட்டிவ் பெட்டிகளில் சிலதை அந்த வீட்டார் எறியாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. இலக்கத்தைத் தனிமடலில் அனுப்புங்கள். நான் போய்ப் பார்க்கிறேன். கிடைத்தால் அந்த அம்மாவுக்குப் புதுப் பிரதி ஒன்று கழுவித் தரலாம். வட்டக்கச்சியிலிருந்து வேறு யாருக்காவது அந்த முத்திரை உள்ள படம் இருந்தால் அவற்றின் இலக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள், ஒரே நடையில் தேடிவிடலாம்.